மேக்னா கார்ட்டால வர்ற 'ஸ்காட்லாந்து கான்ஸ்டபிள்' யாரு? (கொஞ்சம் எங்க வீட்டுக் கதையும் இருக்கு)

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு:

எல்லாருக்கும் வணக்கம். யூடிசி (அரசு கிளார்க் வேலை) பரீட்சைக்குப் படிச்சிட்டு இருக்கேன், அடிப்படை உரிமைகள்னு ஆரம்பிச்சாலே முதல்ல மேக்னா கார்ட்டா 1215னு, இங்கிலாந்து ஜான் ராஜா கொடுத்த உரிமைப் பத்திரம் வந்து நிக்குது, சரி அதுல என்னதான் எழுதியிருக்காங்கன்னு பாத்துடலாம்னு ராத்திரி பதினொரு மணிக்கு முழுசா எடுத்துப் படிச்சேன். ஆரம்பத்துலயே நம்ம கல்யாணப் பத்திரிகை மாதிரி பெரிய பேர் லிஸ்ட்டு. ஆர்ச்பிஷப்பு, பிஷப்புங்க, ஏர்லுங்க (பெரிய பிரபுங்க), அதுக்கு நடுவுல 'காலோவே ஆலன், ஸ்காட்லாந்து கான்ஸ்டபிள்'னு ஒருத்தரு கையெழுத்து. இங்கிலாந்து ராஜாவோட பத்திரத்துல ஸ்காட்லாந்து கான்ஸ்டபிளுக்கு இன்னா வேலை? எனக்கு கான்ஸ்டபிள்னா நம்ம ஊர்ல சிவப்புத் தொப்பி போட்டுக்கிட்டு சிக்னல்ல நிப்பாரே அவருதான் ஞாபகம் வருது.

அப்புறம் தேடிக்கிட்டே போனதுல தூக்கம் போச்சு. இந்த ஆலனுக்கு மூணு பொண்ணு, முறையான பையன் இல்ல, ஆனா கல்யாணம் ஆகாத உறவுல ஒரு பையன் தாமஸ்னு. 1234ல ஆலன் செத்ததும் சண்டை.

இத படிச்சிட்டு ஏன் தூக்கம் போச்சுன்னா எங்க தாத்தாவுக்கும் அப்படியே மூணு பொண்ணு, எங்க அம்மா நடுப்பொண்ணு, அப்புறம் நெல்லித்தோப்பு பக்கம் ஒரு சின்ன வீடு, அங்க ஒரு பையன். தாத்தா போன மாசம் தவறிட்டாரு. கொள்ளி வச்சது அந்த சின்ன வீட்டுப் பிள்ளைதான், மொட்டை போட்டுக்கிட்டு ஈர வேட்டியோட பானையத் தோள்ல வச்சிக்கிட்டு மூணு சுத்து சுத்தினாரு, நான் பக்கத்துலதான் நின்னேன், ஓட்டை போட்ட இடத்துலருந்து தண்ணி அவரு முதுகுல ஊத்திக்கிட்டே இருந்துச்சு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வீட்டுப் பத்திரத்த எடுத்ததும் "இவரு யாரு"ன்னு கேக்குறாங்க. நான் மாமான்னு கூப்புட்டா அம்மா முறைக்கிறாங்க.

சரி கேள்விக்கு வரேன். ஒண்ணு, இந்த ஆலன் உண்மையில யாரு, எவ்ளோ பெரிய ஆளு? ரெண்டு, இவ்ளோ பெரிய ஆளு உயிரோட இருக்கும்போதே அந்தப் பையனுக்கு எதுனா ஏற்பாடு பண்ணாம ஏன் போய்ச் சேர்ந்தாரு? தெரிஞ்சவங்க சொல்லுங்க, எனக்கு பரீட்சைக்கு இது தேவையில்லைன்னு எனக்கே தெரியும், அத சொல்ல வராதீங்க.

சண்டே மார்க்கெட்:

பரீட்சைக்கு இது தேவையில்லை.

தேவனாம்பட்டினம் அலை:

மேல இருக்கிறவர விடு தம்பி. முதல்ல ஒரு திருத்தம், மேக்னா கார்ட்டால யாரும் கையெழுத்து போடல, ராஜா முத்திரை வச்சதோட சரி. ஆரம்பத்துல இருக்கிற லிஸ்ட்டு 'இவங்கல்லாம் சொன்ன ஆலோசனைப்படி'ன்னு ஜான் ராஜா எழுதின பேருங்க. ஆலன் அதுல இருக்கிறதுக்குக் காரணம் அவரு ரெண்டு பக்கமும் நிலம் வச்சிருந்தாரு. இங்கிலாந்துல தாய் வழி நிலம், அப்புறம் அயர்லாந்துல வடக்குக் கரை பக்கம் ஜானே கொடுத்த பெரிய நிலம். அங்க இங்கிலாந்து ராஜாவோட ஆளு, இங்க ஸ்காட் ராஜாவோட ஆளு, சொந்த ஊருல யாரோட ஆளும் இல்ல. அந்தப் பத்திரம் வந்து கொஞ்ச நாள்லயே ஜானை விட்டுட்டு ஸ்காட் ராஜா பக்கம் சாஞ்சுட்டாரு, அதுவும் நடந்துச்சு.

கான்ஸ்டபிள்னா ஏட்டு இல்லப்பா, சண்டைன்னா ராஜாவோட படைக்குத் தலைமை தாங்குற பதவி. பரம்பரையா வர்றது, நம்ம பக்கம் தளவாய்னு சொல்வாங்களே அப்படி வச்சிக்க.

காலோவேங்கிறது ஸ்காட்லாந்தோட தென்மேற்கு மூலை. மேப்ப எடுத்து பாரு, கடல்ல மூக்க நீட்டிக்கிட்டு இருக்கும். அங்க போர்ட்பாட்ரிக்ல நின்னா எதிர்க்க அயர்லாந்து சுமாரா முப்பத்தஞ்சு கிலோமீட்டர், நம்ம கடலூர்லருந்து பாண்டியத் தாண்டி காலாப்பட்டு போற தூரம்தான். காலோவேயோட தெற்கு முனைலருந்து பாத்தா மேன் தீவு, அதுவும் ஏறக்குறைய அதே தூரம். வானம் தெளிஞ்சிருந்தா ரெண்டுமே கண்ணுக்குத் தெரியும். ஆனா தரை வழியா எடின்பரோ போகணும்னா மலை, சேறு, காடுன்னு நாக்கு தள்ளிடும். அப்ப அந்த ஊரு ஆளுங்களுக்கு எது பக்கம்? கடல்தான் பக்கம். பேசுனது கேலிக் பாஷை, ரத்தத்துல பாதி நார்ஸ் (நார்வே பக்கத்து வைக்கிங்) கலப்பு, பலம் பூரா கப்பல். துடுப்பும் பாயும் வச்ச நீளக் கப்பலுங்க, பலகை மேல பலகை ஏத்தி ஆணி அடிச்சு கட்டுறது, அடி தண்ணிக்குள்ள அதிகம் ஆழம் இறங்காது அதனால துறைமுகம் வேணாம், மணல்லயே ஏத்திடலாம். எங்க அப்பா காலத்துல கட்டுமரத்த அலையோட சேத்து கரைக்கு ஏத்துன மாதிரி.

எத்தன கப்பல்னு கேக்குறியா, ஒரு கணக்கு சொல்றேன். 1212ல இவரோட தம்பி, அவரு பேரும் தாமஸ்தான், ஸ்காட்லாந்துல ஆத்தோலுக்கு ஏர்ல், அயர்லாந்துல டெர்ரிய கொள்ளை அடிக்கப் போனாரு, அல்ஸ்டர் ஆண்டுக் குறிப்புல 76 கப்பல்னு எழுதியிருக்கு. தம்பியும் அவரோட கூட்டாளிங்களும் போனதே அவ்ளோன்னா அண்ணன்காரன் கைல எவ்ளோ இருந்திருக்கும்னு யோசிச்சுக்க. நார்வே ராஜாவோட வரலாறு எழுதினவங்களே இவர அந்தக் காலத்துப் பெரிய போர்வீரன்னு சொல்லியிருக்காங்க, எதிரி வாயால வர்றதுல்ல, அதுக்கு மதிப்பு ஜாஸ்தி.

ரெண்டாவது கேள்விக்கு சாயந்தரம் எழுதுறேன், இப்ப ஐஸ் லோடு வந்துடுச்சு.

சண்டே மார்க்கெட்:

இதுல என்ன பெரிய மர்மம், பொண்ணுங்களுக்குப் பிரிச்சுக் கொடுத்தாங்க ராஜ்யம் போச்சு. மூணு பொண்ணுக்கு மூணு மாப்பிள்ளை, மூணு பேரும் இங்கிலாந்துல நிலம் இருக்கிற பெரிய தலைங்க, காலோவே பக்கம் எட்டிக்கூட பாக்காதவங்க. பையன் ஒருத்தன்கிட்ட மொத்தமா விட்டிருந்தா இன்னும் நாலு தலைமுறை ஓடியிருக்கும். எல்லா ஊர்லயும் இதான் கதை.

ஓ.டி. அக்கா:

சண்டே மார்க்கெட் தம்பி கொஞ்சம் உக்காரு.

அந்தக் கான்ஸ்டபிள் பதவி ஆலன் குடும்பத்துக்கு எப்புடி வந்துச்சுன்னு தெரியுமா? அவங்க அப்பா ரோலண்டு, கேலிக்ல லோக்லன்னு சொல்வாங்க, அவரு கட்டினது ஹெலன் டி மோர்வில்னு ஒரு அம்மாவ. கான்ஸ்டபிள் பதவி மோர்வில் குடும்பத்தோட பரம்பரைச் சொத்து. 1196ல ஹெலனோட கூடப் பொறந்த வில்லியம் வாரிசு இல்லாம செத்துட்டாரு, சொத்து கூடப் பொறந்தவங்கிற முறையில இந்த அம்மாவுக்கு வந்துச்சு, லாடர்டேலு, கன்னிங்ஹாமு எல்லாம் சேத்து. ரோலண்டு அத வாங்க ராஜாவுக்குப் பெரிய தொகை கட்டினாரு. 1200ல ரோலண்டு செத்தாரு, மகன் ஆலன் கான்ஸ்டபிள் ஆனாரு. அதாவது பொண்ணுக்குப் பங்கு இல்லைன்னு அன்னிக்கு ஒருத்தன் சொல்லியிருந்தா உங்க ஆலன் வெறும் காலோவே ஆலன்தான், மேக்னா கார்ட்டா லிஸ்ட்டுல அந்தப் பட்டமும் இருந்திருக்காது, மணிக்கூண்டு தம்பியும் ராத்திரி பதினொரு மணிக்கு நிம்மதியா தூங்கியிருப்பான். அம்மா வழியா வரும்போது இனிக்குது, பொண்ணு வழியா போகும்போது கசக்குதா?

எனக்கு இதுல கோவம் வர காரணம் இருக்கு. தமிழ்நாட்டுல 1989ல பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்தப்ப, அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்குக் கிடையாதுன்னு ஒரு வரி வச்சாங்க. எங்க பெரியக்காவுக்கு அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கல்யாணம். எனக்கு அப்புறம். அவ பங்க விடச்சொல்லி அண்ணன் பத்திரத்த நீட்டினப்ப அவ பேனாவ மூடி திறந்து மூடி திறந்து உக்காந்திருந்தா, நான் பாத்தேன். 2005ல டெல்லி சட்டம் வந்துதான் அது சரியாச்சு, பாண்டிக்கும் அப்பதான். அதுக்குள்ள எங்க வீட்ட வித்தாச்சு.

அந்தப் பையன் தாமஸுக்கு நடந்தது அநியாயம்தான், அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பழி பொண்ணுங்க மேல வேணாம்.

சண்டே மார்க்கெட்:

அக்கா மன்னிச்சுக்கங்க, மோர்வில் விஷயம் எனக்குத் தெரியாது.

தேவனாம்பட்டினம் அலை:

வந்துட்டேன். ஓ.டி. அக்கா சொன்னது ரொம்ப சரி, அதுக்கு மேல நான் ஒண்ணு சொல்றேன். அங்க ரெண்டு வழக்கம் மோதிக்கிச்சு. கேலிக் வழக்கத்துல தாய் யாரு, தாலி கட்டினானான்னு பெருசா பாக்க மாட்டாங்க, அப்பன் 'என் பையன்'னு ஒத்துக்கிட்டா போதும், சண்டை போடத் தெரிஞ்ச ஆம்பளையா வளர்ந்தவன் தலைவன் ஆகலாம். ஸ்காட் ராஜா ரெண்டாம் அலெக்சாண்டர் கொண்டு வந்தது பிரான்ஸ் பக்கமிருந்து வந்த நார்மன்காரங்க வழக்கம், முறையான பிள்ளைதான் வாரிசு, பையன் இல்லைன்னா பொண்ணுங்களுக்கு சம பங்கு. ரெண்டுல எது நல்லதுன்னு என்னால சொல்ல முடியல, பொண்ணுக்குக் கொடுத்தவன் சின்ன வீட்டுப் பையனக் கழிச்சான், சின்ன வீட்டுப் பையன சேத்துக்கிட்டவன் பொண்ணக் கழிச்சான்.

இப்ப உன் ரெண்டாவது கேள்வி. ஏற்பாடு பண்ணாம போகல தம்பி, பண்ணாரு! இதுதான் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஊர் நிலத்துல அவனுக்குப் பங்கு கொடுத்தா ராஜா விட மாட்டாருன்னு ஆலனுக்குத் தெரியும்போல, அதனால கடலுக்கு அந்தாண்ட அவனுக்குன்னு தனியா ஒரு மனை பாத்தாரு. அந்த மனைதான் மேன் தீவு.

அங்க அப்ப ராஜாவா இருந்த அண்ணன் ராக்ன்வால்டுக்கும் தம்பி ஓலாஃபுக்கும் சண்டை. ராக்ன்வால்டு இருக்காரே, இங்கிலாந்து ராஜாவப் பாத்துட்டு வரேன்னு சொல்லி ஊர் சனங்ககிட்ட 100 மார்க் (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) வசூல் பண்ணிக்கிட்டு கிளம்பினாரு, நேரா ஆலன் வீட்டுக்குப் போயி தன் பொண்ண தாமஸுக்குக் கட்டிக் கொடுத்துட்டாரு. ஊர்க்காசுல சொந்தப் பொண்ணு கல்யாணம்! மேன் சனங்க கொதிச்சுப் போயி ஓலாஃபக் கூப்பிட்டு ராஜாவாக்கிட்டாங்க. மாமனார் நாற்காலி காலி, மாப்பிள்ளைக்கு வர வேண்டியதும் காலி.

ஆலன் விடல. 1228ல தம்பி ஏர்லையும் ராக்ன்வால்டையும் கூட்டிக்கிட்டு, ஓலாஃப் வேற தீவுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து இறங்கி, தீவோட தெற்குப் பாதிய சூறையாடிட்டு, வரி வசூல் பண்ண சொந்த ஆளுங்கள உக்கார வச்சிட்டுத் திரும்பினாரு. அவரு திரும்பினதும் ஓலாஃப் வந்து அந்த வசூல் ஆளுங்கள அடிச்சுத் துரத்திட்டான். அடுத்த வருஷம் 1229 பிப்ரவரி 14ல டின்வால்டுங்கிற மேட்டுல ரெண்டு அண்ணன் தம்பிக்கும் கடைசி சண்டை, ராக்ன்வால்டு செத்தாரு. (அந்த மேடு இன்னும் இருக்கு, மேன் தீவோட சட்டசபைக்கே டின்வால்டுன்னுதான் பேரு.) மேன் தீவு அப்ப நார்வே ராஜாவுக்குக் கீழ இருந்துச்சு, அதனால 1230ல நார்வேலருந்து ஒரு கடற்படையே வந்து இறங்கிச்சு, ஆலன் தொல்லை தாங்கலன்னு போன புகாரும் அதுக்கு ஒரு காரணம். ஒரு பையனுக்கு மனை தேடப் போயி நார்வே ராஜா வரைக்கும் சமாச்சாரம் போயிடுச்சு.

மனை கைக்கு வரல. 1234ல ஆலன் செத்தாரு, டண்ட்ரென்னன் மடத்துல அடக்கம். பையன் நடுத்தெருவுல.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு:

அலை அண்ணா, இத எங்க அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தாங்க, மனை தேடின இடம் வரைக்கும் கேட்டுட்டு "உங்க தாத்தாவும் வில்லியனூர்ல ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தாரு, யாருக்குன்னு சொல்லல"ன்னு சொன்னாங்க. இருபது வருஷமா இத யார்கிட்டயும் சொன்னதில்லையாம். அந்த அட்வான்ஸ் என்ன ஆச்சுன்னு கேட்டா, விக்கிறவன் ஏமாத்திட்டான் போல, அதுக்கு மேல பேசல.

ஓ.டி. அக்கா, எங்க பத்திரம் வேற ஒரு தலைவலி, கொள்ளுத்தாத்தா காலத்து நொத்தேர் (பிரெஞ்சு ஆட்சிக் கால நோட்டரி) பத்திரம், பூரா பிரெஞ்சு, படிச்சு சொல்லவே ஒரு ஆள தேடணும்.

தாமஸ் அப்புறம் என்ன ஆனாரு? அதையும் சொல்லிடுங்க.

கெடிலக்கரை:

நான் சொல்றேன், இந்தக் கட்டம் எனக்குப் பாடம்.

காலோவே சனங்க முதல்ல ராஜாகிட்ட போயி, ஊர மூணா வெட்டாதீங்க, வேணும்னா நீங்களே நேரடியா எடுத்து ஆளுங்கன்னு கேட்டாங்க. அலெக்சாண்டர் முடியாதுன்னுட்டாரு. சட்டம் அப்படிங்கிறதுக்காகவா இல்ல பெரிய கையா இருந்தத மூணு சின்னக் கையா வெட்டுறது தனக்கு வசதிங்கிறதுக்காகவான்னு கேட்டா, நான் ரெண்டாவதுக்குத்தான் ஓட்டு போடுவேன். உடனே சனங்க தாமஸ முன்னால நிறுத்தி கிளம்பிட்டாங்க. 1235 ஜூலைல ராஜாவே படையோட வந்தாரு. சாயந்தரம் கூடாரம் போட்டது நல்ல பசுமையான இடம், கிட்ட போயி பாத்தா சேறு, படைக்குக் கால் புதையுது. எந்த இடத்துல கால் வச்சா தாங்கும்னு காலோவேகாரனுக்குத் தெரியும், மேலருந்து இறங்கி அடிச்சானுங்க. ராஜா கதை அன்னிக்கே முடிஞ்சிருக்கும், ஆனா பின்னால லேட்டா வந்த ராஸ் ஏர்ல் ஃபெர்கர் அவனுங்க முதுகுல விழுந்தாரு. லேட்டா வந்ததுதான் காப்பாத்துச்சு.

தாமஸ் அயர்லாந்துக்கு ஓடி, ஆள் சேத்துக்கிட்டுத் திரும்பி வந்து, மறுபடியும் தோத்து சரணடைஞ்சாரு. அவர நம்பி வந்த அயர்லாந்து ஆளுங்க நிலைமைதான் கொடுமை, தப்பிச்சு கிளாஸ்கோ பக்கம் போனவங்கள அந்த ஊர் சனங்க வெட்டிப் போட்டாங்க.

தாமஸ கடைசில யார்கிட்ட காவலுக்கு விட்டாங்க தெரியுமா, கடைசித் தங்கச்சி டெவோர்கில்லாவோட புருஷன் ஜான் டி பேலியல் குடும்பத்துகிட்ட. பார்னார்டு கோட்டைல அடைச்சு வச்சாங்க. தங்கச்சி வீட்டு ஜெயில். எத்தன வருஷம்? சுமாரா அறுவது.

அந்த டெவோர்கில்லா சாதாரண அம்மா இல்ல. புருஷன் செத்ததும் அவரோட இதயத்த பதப்படுத்தி தந்தப் பெட்டில வச்சு, போற இடமெல்லாம் கொண்டு போவாங்களாம், சாப்பிடும்போது மேசைல அந்தப் பெட்டிக்கும் ஒரு இலை போடுற மாதிரி பரிமாறி அந்தச் சோற ஏழைங்களுக்குக் கொடுப்பாங்களாம், பின்னால எழுதின கதைதான், இருந்தாலும் நல்லாருக்கு. 1273ல ஒரு மடம் கட்டினாங்க, ஸ்வீட்ஹார்ட் அபேன்னு பேரு, அந்தப் பெட்டியோட அங்கயே அடக்கம். ஆக்ஸ்ஃபோர்டுல பேலியல் காலேஜ் நிலையா நின்னதும் இவங்களாலதான், 1282ல விதிமுறை போட்டுக் கொடுத்தாங்க. இவங்க பையன் ஜான் பேலியல் 1292ல ஸ்காட்லாந்துக்கே ராஜா. சண்டே மார்க்கெட் கவனிக்க, பொண்ணு வழியாத்தான்.

ஆனா மூத்த பொண்ணு ஹெலன் வழியப் பாருங்க, அவங்க புருஷன் ரோஜர் டி குவின்சி கான்ஸ்டபிள் ஆனாரு, 1247ல காலோவே சனங்க அவரக் கோட்டையோட வளைச்சப்ப கதவத் திறந்து வெட்டிக்கிட்டே குதிரைல தப்பி ராஜாகிட்ட ஓடினாரு. அவருக்கும் பையன் இல்ல. மூணு பொண்ணு! மறுபடியும் மூணு பங்கு. ஆலனோட நடுப்பொண்ணு கிறிஸ்டினாவுக்குக் குழந்தையே இல்ல, அவங்க பங்கு மத்த ரெண்டு பேருக்கும் போச்சு.

சண்டே மார்க்கெட்:

கவனிச்சேன் கவனிச்சேன். ஒரு சந்தேகம், ராபர்ட் புரூஸ் இதுல எங்க வர்றாரு? அவரும் பேலியலும்தானே சிம்மாசனத்துக்கு அடிச்சிக்கிட்டது?

கெடிலக்கரை:

வர்றாரு, அதுவும் இதே வீட்டு சண்டைலருந்துதான், ஆனா 1292ல பேலியலோட சிம்மாசனத்துக்கு மோதினது அவரோட தாத்தா, அவரு பேரும் ராபர்ட் புரூஸ்தான். ஆலனோட தாத்தா உக்ட்ரெடு, அவரோட கூடப் பொறந்தவரு கில்பர்ட்டு. 1174ல கில்பர்ட்டு பக்கம் உக்ட்ரெடோட கண்ணப் பிடுங்கி நாக்க அறுத்துப் போட்டாங்க, அதுலயே அவரு போய்ச் சேர்ந்தாரு. 1185ல கில்பர்ட்டு செத்ததும் ஆலனோட அப்பா ரோலண்டு காலோவேயப் பிடிச்சுக்கிட்டாரு, கில்பர்ட்டு பையன் டங்கனுக்குப் பேசி முடிச்சு வடக்கால கார்ரிக் பகுதியக் கொடுத்து விட்டாங்க. அந்த டங்கனோட பேத்தி மார்ஜரி, கார்ரிக் சீமாட்டி, அவங்க பையன்தான் பின்னால ராஜாவான ராபர்ட் புரூஸ். அதாவது நூறு வருஷம் கழிச்சு பேலியல் வீடும் இந்தப் பேரன் புரூஸும் எதிரெதிரா நின்னப்ப, ஒரு பக்கம் உக்ட்ரெடு ரத்தம், இன்னொரு பக்கம் கில்பர்ட்டு ரத்தம். பங்காளிச் சண்டை. சிம்மாசன உரிமை கேட்டது வேற ஒரு வழில, பழைய ஸ்காட் ராஜா வில்லியமோட தம்பி டேவிட் ஏர்லோட பொண்ணுங்க வழில, அத இழுத்தா இன்னிக்கு முடியாது.

ஓ.டி. அக்கா:

மணிக்கூண்டு தம்பி, ஒண்ணு சொல்றேன். 2023ல சுப்ரீம் கோர்ட்டு, செல்லாத கல்யாணத்துல பொறந்த பிள்ளைங்களுக்கும் அப்பாவுக்கு வர்ற பங்குல உரிமை உண்டுன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. உங்க தாத்தா அங்க தாலி கட்டினாரா இல்லையாங்கிறதுதான் முக்கியமான கேள்வி. பழைய போட்டோ எதுனா இருக்கான்னு உங்க மாமாகிட்டயே கேளு. நான் வக்கீல் இல்ல, நல்ல வக்கீலா பாத்துக் கேட்டுக்க. உங்க அம்மா, பெரியம்மா, சித்தி மூணு பேரும் சேர்ந்து விடுதலைப் பத்திரம்னு எதையாவது அவசரப்பட்டு எழுதி வாங்காதீங்க.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு:

கெடிலக்கரை அண்ணா, அறுவது வருஷம்னு சொன்னத நம்பாம நானும் தேடிப் பாத்தேன். 1296ல இங்கிலாந்து எட்வர்டு ராஜா ஸ்காட்லாந்துமேல படையெடுத்து பேலியல இறக்கினப்ப, காலோவே சனங்கள தன் பக்கம் இழுக்கணும்னு அந்தக் கிழவர வெளிய கொண்டு வந்து ஊர் உரிமைகளுக்குப் பத்திரம் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்காரு. எண்பது வயசுக்கு மேல இருக்கும். இளம் வயசுல உள்ள போன ஆளு, வெளிய வர்றப்ப அப்பா, மூணு சகோதரிங்க, எதிர்த்த ராஜா, மாமனார் யாருமே இல்ல.

அம்மாகிட்ட இதையும் சொன்னேன். ஒண்ணும் சொல்லல. நேத்து சாயந்தரம் மீன் குழம்பு வச்சாங்க, ஒரு தூக்குல ஊத்தி மூடி என்கிட்ட கொடுத்து நெல்லித்தோப்புல கொடுத்துட்டு வான்னாங்க. யார்கிட்டன்னு பேரு சொல்லல. நான் கொடுத்துட்டு போட்டோவும் கேட்டேன், மாமா பீரோ மேலருந்து ஒரு ஆல்பத்த இறக்கினாரு, முதல் பக்கத்துலயே தாத்தா மாலையும் கழுத்துமா நிக்கிறாரு.

வியாழக்கிழமை வக்கீலப் பாக்கப் போறோம். நாலு பேரா.

சண்டே மார்க்கெட்:

தூக்க கழுவி திருப்பிக் கொடுத்தாரா?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு:

வாழைப்பழம் வச்சுக் கொடுத்தாரு.